இரைப்பைப் பலூன்

இரைப்பைப் பலூன் என்பது உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பைக்குள் சில மாதங்கள் மட்டும் வைக்கப்படும் மருத்துவச் சாதனம். வயிற்றைக் கீறாமல் இரைப்பையின் இடத்தில் ஒரு பங்கை அது அடைத்துக்கொள்கிறது. இரைப்பைச் சுவர் விரிவதால் வயிறு நிறைந்த உணர்வு மூளைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. உண்டது குடலுக்கு இறங்கவும் கூடுதல் நேரமாகிறது.

இந்த யோசனை ஒரு நோயிலிருந்து பிறந்தது. விழுங்கிய முடியும் நாரும் செரிக்காமல் சிலரது இரைப்பையில் பந்தாகத் திரண்டுவிடும். அப்படிப்பட்டவர்களில் பலர் பெரிய தொந்தரவின்றி நெடுநாள் இருப்பதையும், சிலர் மெலிவதையும் மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அத்தகைய திரளைச் செயற்கையாக உண்டாக்கினால் என்ன என்ற கேள்வியோடு டென்மார்க்கின் நீபென், ஹார்போ இருவரும் 1982இல் லான்செட் மருத்துவ இதழில் பலூன் சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள்.

அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது காரன்-எட்வர்ட்ஸ் பலூன் (1985). பாலியூரிதீனால் ஆன உருளை அது. ஏறத்தாழ 220 மில்லிலிட்டர் காற்றை அடைப்பார்கள். அதன் விளிம்புகள் இரைப்பையின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்கின. சிலருக்குப் பலூன் தானே சுருங்கிக் குடலில் இறங்கி அடைத்துக்கொண்டது. பலூன் வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்த குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எடைக் குறைப்பில் சொல்லத்தக்க வேறுபாடும் தெரியவில்லை. 1988இல் விற்பனை நின்றது.

இந்தச் சாதனத்தின் வரலாற்றில் மிக மதிக்கத்தக்க பக்கம் இந்தத் தோல்விக்கு நடுவேதான் எழுதப்பட்டது. 1987இல் ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரில் வல்லுநர்கள் கூடி, நல்ல பலூன் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். மேற்பரப்பு வழவழப்பாகவும் வடிவம் உருண்டையாகவும் இருந்தால் சுவர் அரிபடாது. காற்றுக்குப் பதில் திரவம் நிரப்ப வேண்டும். இரைப்பை அமிலத்தைத் தாங்கும் பொருளால் செய்ய வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் அடையாளம் வேண்டும். அளவைக் கூட்டிக் குறைக்க வழி வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நோயாளி ஒருவர் பட்ட துன்பம் இருக்கிறது. பின்னாளில் வந்த நல்ல பலூன்கள் பெரும்பாலும் இந்த விதிகளின் பிள்ளைகளே.

அவற்றுள் பரவலானது ஆர்பெரா எனப்படும் சிலிக்கோன் பலூன். எண்டோஸ்கோப்பி வழியே இறக்கி, 400 முதல் 700 மில்லிலிட்டர் உப்புநீர் நிரப்பி, 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள். உப்புநீரோடு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலக்கும் வழக்கம் உண்டு. பலூன் கசிந்தால் சாயம் உடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். மின்கலமோ உணர்கருவியோ இல்லாமல், நோயாளியே வீட்டில் கண்டுகொள்ளக்கூடிய கண்காணிப்பு இது; இத்துறையில் இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள ஏற்பாடு அரிது.

2015இல் ஆர்பெராவுக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க அடிப்படையான ஆய்வில், பலூன் வைத்தவர்கள் 6 மாதத்தில் சராசரியாக உடல் எடையில் 10.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ குறைந்தார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 3.3 விழுக்காடுதான் குறைந்தார்கள். பலூனை எடுத்த 3 மாதத்துக்குள் முதல் குழுவினருக்கு ஏறக்குறைய 1 கிலோ திரும்பிவிட்டது.

அடுத்த தலைமுறை விழுங்கும் பலூன்கள். ஓபலான் மாத்திரை வடிவில் உள்ளே போய் வாயுவால் நிரம்பியது. எடுக்க எண்டோஸ்கோப்பி தேவைப்பட்டது. எலிப்ஸில் அதுவும் வேண்டாம்: சுமார் 16 வாரத்தில் அடைப்பான் திறந்து, திரவம் வடிந்து, வெற்று உறை மலத்தோடு வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். உறை குடலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் சிறிதளவு உண்டு.

முதல் சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் பெரும்பாலோருக்கு வரும். அரிதான ஆபத்துகள் கடுமையானவை: இரைப்பையில் துளை, கணைய அழற்சி, பலூன் தானே உப்பிப் பெரிதாவது. 2016 முதல் உலக அளவில் பலூன் வைத்தவர்களில் 12 பேர் இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது.

பலூன் இருக்கும் மாதங்கள் உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசம். அந்தப் பணியை அசைவைக் கணிக்கும் கைப்பட்டைகளிடமும் செயலிகளிடமும் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பலூன் இல்லாமல் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பட்டை அணிந்தவர்கள் 2 ஆண்டில் 3.5 கிலோ குறைந்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு தாங்களே குறிப்பெழுதி வந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்.

முன்பு இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், ஆறாத இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் பலூன் பொருத்தக் கூடாது. பொருத்திக்கொண்டவருக்குக் கடும் வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ வந்தால், சிறுநீரின் நிறம் மாறினால், மறுநாள்வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.