ஒரே சைஸ் துப்பாக்கி

செருப்புக் கடைக்குப் போகிறோம். ஏழாம் நம்பர் கடிக்கிறது. 'எட்டு கொடுப்பா' என்கிறோம். சட்டை பிடிக்கிறதா? அடுத்த சைஸ். ஆனால், 'இதை வைத்துத்தான் நீ உயிர் பிழைக்க வேண்டும்' என்று சொல்லி ஒரு பொருளைக் கையில் கொடுக்கிறார்கள். அது ஒரே ஒரு சைஸில்தான் வரும். கைக்கு அடங்கவில்லையா? உன் பாடு.

அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கிக் கதை, சுருக்கமாக இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கப் படை சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எதிரில் மோரோ வீரர்கள். அமெரிக்கர்கள் வைத்திருந்த 0.38 அங்குல ரிவால்வர் தோட்டாவை வாங்கிக்கொண்டும் சிலர் நிற்காமல் ஓடிவந்தார்கள் என்று புகார் வந்தது. 1904-ல் தாம்ஸன், லாகார்ட் என்ற இரண்டு அதிகாரிகளை அனுப்பினார்கள். அவர்கள் சிகாகோ கசாப்புத் தொட்டியில் மாடுகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு, 'தோட்டா 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெரிய தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். தயாரித்தது கோல்ட் கம்பெனி. 1911 மார்ச்சில் இறுதிப் பரீட்சை. இரண்டு நாளில் 6,000 தோட்டாக்கள். சூடு ஏறினால் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. மார்ச் 29-ம் தேதி ராணுவம் 'சரி' சொல்லிவிட்டது. பெயர், எம் 1911.

பிரௌனிங் கையைப் பற்றி யோசிக்காதவர் என்று சொல்ல முடியாது. முந்தைய மாதிரியின் பிடி ஏறக்குறைய நேராக இருந்தது. 1910-ல் அதைச் சாய்த்து, கை இயல்பாகக் குறி பார்க்கும்படி செய்தார். ஆனால், யாருடைய கை? அங்கேதான் சிக்கல்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. விவசாயி, குமாஸ்தா, நேற்று கப்பலில் வந்து இறங்கியவன் என்று லட்சக்கணக்கான பேர் ராணுவத்துக்கு வந்தார்கள். நீளக் கை, குட்டைக் கை, தடித்த விரல், மெலிந்த விரல். துப்பாக்கி மட்டும் ஒரே மாதிரி. தொழிற்சாலை உற்பத்தியின் பெருமையே அதுதானே? எந்தத் துப்பாக்கியின் உதிரி பாகத்தையும் இன்னொன்றில் மாட்டலாம். அப்படி மாற்ற முடியாத ஒரே பாகம், சுடுகிறவனின் கை.

புகார்கள் வந்தன. ஒன்று, விரல் டிரிகருக்குச் சரியாக எட்டவில்லை. இரண்டு, சுடும்போது பின்னால் வந்து விழுகிற சுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்தது. மூன்று, அவசரத்தில் நீட்டிச் சுட்டால் குறி கீழே போனது.

போர் முடிந்த பிறகு உட்கார்ந்து திருத்தினார்கள். டிரிகரைக் குட்டையாக்கினார்கள். அதன் பின்னால் இரண்டு பக்கமும் இரும்பைக் கொஞ்சம் செதுக்கி விரலுக்கு வழி விட்டார்கள். பிடியின் உச்சியில் இருந்த வாலை நீட்டி, சுத்தியின் கடியிலிருந்து சதையைக் காப்பாற்றினார்கள். பிடியின் முதுகு கீழ்ப்பக்கம் தட்டையாக இருந்தது. அதைப் புடைப்பாக வளைத்தார்கள். உள்ளங்கைக் குழிவில் அது போய் உட்கார, தாழ்ந்திருந்த குழல் முனை தானாக நிமிர்ந்தது.

அவ்வளவுதான். தோட்டா அதே. சுடுகிற இயந்திரம் அதே. பெரும்பாலும் கைபடுகிற இடங்கள்தான் மாறின. 1926-ல் இதற்கு எம் 1911 ஏ 1 என்று புதுப்பெயரே வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இதைத்தான் தயாரித்துக் குவித்தார்கள். தையல் மெஷின் செய்த சிங்கர் கம்பெனிகூட 500 துப்பாக்கி செய்து கொடுத்தது. ஆனால், சிப்பாய்கள் சும்மா இருப்பார்களா? பிடியின் இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் தகடுகளைச் சிலர் கழற்றிவிட்டார்கள். உடைந்த விமானங்களின் பிளெக்ஸிகிளாஸை அறுத்து, ராவி, அங்கே பொருத்திக்கொண்டார்கள். கண்ணாடி போன்ற அந்தத் தகட்டுக்கு அடியில் காதலி படம், மனைவி படம், குழந்தை படம். 'ஸ்வீட்ஹார்ட் கிரிப்' என்று அதற்குப் பெயர். இன்னொரு லாபமும் உண்டு. படம் வைக்காத பக்கத்தில், உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே அச்சில் வார்த்த லட்சக்கணக்கான துப்பாக்கிகளில் இது மட்டும் 'என்னுடையது' என்று சொல்ல ஒரு வழி.

ஒரு வேடிக்கை. கைக்கு வாட்டமாக இருக்கட்டும் என்று வளைத்தார்களே, அந்த முதுகு? பிற்காலத்தில் குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் பலர், பழைய தட்டை முதுகே சௌகரியம் என்று அதற்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கு வைத்தியம், இன்னொருவருக்கு வியாதி.

இதிலிருந்து ராணுவம் பாடம் கற்றதா? இல்லை. 1985-ல் எம் 1911-க்கு ஓய்வு கொடுத்து, இத்தாலிய பெரெட்டாவின் எம் 9-ஐக் கொண்டுவந்தார்கள். பழையதில் 7 தோட்டா, இதில் 15. இரண்டு வரிசையாக அடுக்கியதில் பிடி குண்டாகிவிட்டது. ராணுவத்தில் பெண்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்த காலம் அது. சின்னக் கை உள்ள ஆணும் பெண்ணும் மறுபடி அதே பல்லவியைப் பாடினார்கள். டிரிகர் எட்டவில்லை!

2017 ஜனவரியில்தான் விடிந்தது. ஸிக் ஸாவர் கம்பெனியின் எம் 17 தேர்வானது. அதில் பிடியைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சைஸ். செருப்புக் கடையில் கிடைப்பதுபோல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1911-லிருந்து 2017 வரை 106 வருஷம். தோட்டா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மாட்டைச் சுட்டுக் கண்டுபிடித்தவர்களுக்கு, மனிதர்களின் கைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று கண்டுபிடிக்க அத்தனை காலம் பிடித்திருக்கிறது.