பாக் நீரிணை நெடுநீச்சல்

இலங்கையின் வடகரைக்கும் தமிழகக் கரைக்கும் இடைப்பட்ட கடலை நீந்திக் கடக்கும் விளையாட்டு. இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. வடக்குப் பாதை வல்வெட்டித்துறையிலிருந்து வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரை வரை, நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ. தெற்குப் பாதை தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை, சுமார் 30 கி.மீ. நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுத்துப்போவதால் நீந்துபவர் உண்மையில் கடக்கும் தொலைவு இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கடலுக்கும் கோடியக்கரைக்கும் உள்ள உறவு பழையது. சோழர் காலத்தது எனக் கருதப்படும் கலங்கரை விளக்கத்தின் செங்கல் இடிபாடு 2004 சுனாமி வரை இங்கே நின்றது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களுக்கும் இந்தக் கரை பழக்கமானதாகவே இருந்தது.

வடக்குப் பாதையை முதலில் நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச் மாதத்தில் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரையில் கரையேறினார். கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்தக் கதையில் கோடிக்கரை எனப்படும் இதே கரையிலிருந்து படகோட்டிப் பெண் பூங்குழலி இலங்கைக்குப் படகு வலித்ததை வாரந்தோறும் படித்திருந்த தமிழர்களுக்கு, அதே கடலை எதிர்த்திசையில் ஒரு மனிதர் கைகால்களை மட்டும் நம்பிக் கடந்த செய்தி அந்த ஆண்டிலேயே கிடைத்தது.

அவர் தேர்ந்த மாதமும் கவனிக்கத்தக்கது. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குச் சோழகக் காற்று வலுக்கும் முன் கடல் சில வாரங்கள் அடங்கிக் கிடக்கும். பின்னர் நடந்த முயற்சிகள் பலவும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே அமைந்தன. இங்கே கடல் ஆழம் குறைந்தது. காற்று எழுந்தால் குட்டை அலைகள் நெருங்கி நெருங்கி வரும். மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் வாயில் உப்புநீர் அறையும். பல மணி நேரத்தில் நாக்கு தடித்துவிடும். உணவை விழுங்குவதே பாடாகும். கழுத்திலும் அக்குளிலும் தோல் உரசிப் புண்ணாகாமலிருக்க முன்கூட்டியே கொழுப்புப் பசை தடவிக்கொள்வர். உடன் வரும் படகிலிருந்து உணவு வாங்கலாம், படகைத் தொடக்கூடாது என்பது நெடுநீச்சலின் பொது விதி. நீச்சல் இரவிலும் தொடர்வதால், இராப் பயிற்சி இல்லாதவர் இந்த விதியைக் காப்பது அரிது. சொறிமுட்டைகள் (ஜெல்லிமீன்கள்) கொட்டுவது தனி.

வல்வெட்டித்துறையில் 1943-ல் பிறந்த வழக்கறிஞர் வி. எஸ். குமார் ஆனந்தன், ‘ஆழிக்குமரன்’ எனப் பெயர்பெற்றவர். 1963-லேயே அவர் இந்தக் கடலை ஒருவழியாகக் கடந்தார் என்று சில குறிப்புகள் சொல்கின்றன. ஐயத்திற்கு இடமில்லாதது 1971-ஆம் ஆண்டின் சாதனை: இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் இலங்கைக்கே நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். மறுகரையைத் தொட்ட பிறகு மறுபடி கடலில் இறங்குவதற்கு உடல் வலிமை மட்டும் போதாது.

நீச்சலோடு அவர் நிற்கவில்லை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் ஓயாமல் மிதிவண்டி ஓட்டினார். ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். ஒப்பிட்டுப் பார்த்தால், நீந்துதல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டியின் நெடுந்தொலைவு வடிவமான ‘அயர்ன்மேன்’ ஹவாயில் தொடங்கியது 1978-ல்தான். அதில் நீச்சல் 3.8 கி.மீ., மிதிவண்டி 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ. ஆனந்தன் அந்தப் போட்டி மரபில் வந்தவர் அல்லர். ஆனால் அதன் மூன்று கூறுகளில் இரண்டை அவர் மிக நெடுந்தூரத்துக்குக் கொண்டுசென்றார்.

1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர்நீத்தார். கோடை உச்சத்திலும் அக்கால்வாயின் வெப்பநிலை 18 பாகையை ஒட்டியே இருக்கும். பாக் நீரிணையின் நீரோ அதைவிடப் பல பாகை வெப்பமானது. வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த உடலுக்கு அந்தக் குளிர் முற்றிலும் வேறான பகை. வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் உள்ளது.

தெற்குப் பாதையை இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் 25 மணி 36 நிமிடத்தில் கடந்தார். தமிழகச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994-லும், இந்திய நீச்சல் வீராங்கனை புலா சௌத்ரி 2004-லும் பாக் நீரிணையை நீந்தினர்.

2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று திரும்பினார். 28 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆனந்தனின் ஐம்பதாண்டுச் சாதனை முறியடிக்கப்பட்டதாகச் செய்திகள் எழுதின. இருவழி நீச்சல் என்ற வகையில் அது பொருந்தலாம். ஆயினும் வடக்குப் பாதையும் தெற்குப் பாதையும் தொலைவில் பெரிதும் வேறுபடுவதால், எந்தப் பாதையில் நீந்தினார் என்பதைப் பார்க்காமல் நேரங்களை ஒப்பிட முடியாது.