அங்கன்வாடிப் பணியாளரும் கைப்பேசிச் செயலியும்: தகவல் எந்தத் திசையில் ஓடுகிறது?

களப்பணியாளர் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் அவருடைய சுமை குறைந்துவிடும் என்ற நம்பிக்கை நம் நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களின் அனுபவம் இதை உறுதிப்படுத்தவில்லை. பணியாளர் பதிவு செய்யும் விவரம் அவரிடமே திரும்பி வந்து அவருடைய வேலைக்குப் பயன்பட வேண்டும்; அவருடைய குறைகள் மேலே போகவும் வழி இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத செயலி கூடுதல் எழுத்து வேலையாகவே முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது அங்கே இருந்தவை தராசும் வளர்ச்சி அட்டையும்தான். 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தார்கள். கோடு ஏறாமல் நின்ற குழந்தைக்கு இணை உணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். ஆக, எழுதிய எண்ணே அடுத்த வேலையைச் சொன்னது. இந்தத் திட்டத்தின் வெற்றியை ஆராய்ந்தவர்கள் உணவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த எளிய தகவல் ஏற்பாட்டைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் செயலி நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்களை இணைக்கிறது. வயது, உயரம், எடை ஆகியவற்றைக் கொடுத்தால் குழந்தை வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று செயலியே கணக்கிட்டுச் சொல்கிறது. இது மெய்யான உதவி. ஆனால் செயலி கேட்பவற்றில் பெரும்பகுதி மேலிடத்தின் கண்காணிப்புக்கானது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு, வாங்குபவரின் முகத்தைச் செயலியில் சரிபார்க்கும் முகப்பதிவு 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. சத்துமாவுப் பொட்டலம் மேசைமேல் இருக்கிறது. பல காலமாகத் தெரிந்த தாய் எதிரே நிற்கிறார். ஆதார் சரிபார்ப்புக்கான ஓடிபியோ வேலைக்குப் போயிருக்கும் கணவரின் எண்ணுக்குப் போகிறது. "யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள்" என்று வங்கிகள் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கின்றன, அவர் தயங்குகிறார். அங்கன்வாடி டீச்சர் மறுபடி போன் செய்து விளக்குவதற்குள் நேரம் கடந்து எண் செல்லாமல் போகிறது. பிறகு சிக்னல், சர்வர். உள்ளே முன்பருவக் குழந்தைகள் ஆயம்மா பொறுப்பில் காத்திருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பி ஒப்படைத்தார்கள். கைப்பேசியின் நினைவகம் செயலிக்குப் போதவில்லை, செயலி மராத்தியில் இல்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். இதைத் தொழில்நுட்ப வெறுப்பு என்று வாசிப்பது தவறு. கருவியில் குறை சொல்ல இடமில்லாதபோது கருவியையே திருப்பிக் கொடுத்துத்தான் குறையைச் சொல்ல முடிந்தது.

பீகாரில் 2012இல் அறிமுகமான மொபைல் குஞ்சி வேறு வகை. படம் அச்சிட்ட அட்டைக் கட்டு ஒன்று; அட்டையிலுள்ள எண்ணைச் சாதாரண பட்டன் போனில் அழுத்தினால் டாக்டர் அனிதா என்ற பாத்திரத்தின் குரல் பேசும். ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளர் அதைக் கர்ப்பிணிக்கும் மாமியாருக்கும் சேர்த்தே கேட்கச் செய்யலாம். அந்தக் குரல் பணியாளருடைய சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் கூட்டியது.

செயலியின் வடிவம் பணியின் தகுதியோடும் பிணைந்தது. 1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது முதல் அதில் பணிபுரியும் பெண்கள் 'கௌரவப் பணியாளர்கள்'. முதன்மை மையப் பணியாளருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டித் தருகின்றன. சம்பளம் என்று பெயர் சூட்டப்படாத வேலைக்கு நேர வரம்பும் இல்லை. இரவில் வாட்ஸ்அப் குழுவில் வரும் உத்தரவுக்கு மறுநாள் காலைக்குள் படம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எனவே, முகப்பதிவு தவறினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சத்துமாவு கொடுக்கும் உரிமை பணியாளருக்கு வேண்டும். மாதக் கூட்டத்தில் அவர்கள் சொல்லும் செயலிக் குறைகளைப் பதிவு செய்து, அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். செயலியின் அடுத்த பதிப்பைத் திட்டமிடும்போது அதை நடத்தும் ஒன்றிய அமைச்சகம் பணியாளர் சங்கங்களை அழைத்துப் பேச வேண்டும்.