கேள்வி யார் கையில்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மனநலப் பரிசோதனை, 1997–2024

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் மனநலப் பரிசோதனைக்கு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் ஆவணங்களை ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 2013இல் அதன் முதல் தலைமை மருத்துவ அதிகாரியாகப் பிரையன் ஹெய்ன்லைன் பொறுப்பேற்றார். 2016இல் பல அமைப்புகள் கூடி மனநல நெறிமுறையை வெளியிட்டன. 2019இல் செல்வாக்குள்ள ஐந்து கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரிகளின் போட்டிக் குழுமங்கள்) மனநலச் சேவை தருவதைக் கட்டாயமாக்கின. 2024இல் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. இந்த வாசிப்பின்படி 2016க்கு முன்பு எவரும் வீரரிடம் மனதைப் பற்றிக் கேட்கவில்லை. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

2016 நெறிமுறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. உரிமம் பெற்ற மனநல நிபுணர், பரிந்துரைக்கும் வழிமுறை, நலம் பேணும் சூழல் ஆகியவற்றோடு, களமிறங்கும் முன் நடத்தும் பரிசோதனையையும் நான்கு தூண்களுள் ஒன்றாக அது நிறுத்தியது. ஆனால் நெறிமுறை பிறந்த நாளையே நடைமுறை பிறந்த நாளாகக் கொள்வது பிழை. அதே 2016இல் வொலானினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். என்சிஏஏவின் முதல் பிரிவைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தின் 465 வீரர்களிடம், வழக்கமான உடற்பரிசோதனையின்போதே, மனச்சோர்வு அளவுகோல் ஒன்றைக் கொடுத்துப் பெற்ற தரவு அது. 23.7 விழுக்காட்டினரிடம் கவனிக்கத்தக்க அறிகுறிகள் இருந்தன, 6.3 விழுக்காட்டினரிடம் அவை மிதமானவை முதல் கடுமையானவை வரை இருந்தன. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து திரட்டிய தரவு இது. நெறிமுறையின் மை காய்வதற்கு முன்பே அங்கே கேள்வித்தாள் வீரர் கையில் இருந்திருக்கிறது. ஆய்வுக்காகத்தானே கேட்டார்கள் என்று மறுக்கலாம். அந்த மறுப்புக்கு வலு உண்டு. ஆகவே இன்னும் பழைய சான்று ஒன்றுக்குப் போக வேண்டும்.

அந்தச் சான்று ஒரு படிவம். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 1992 முதல் வெளியிட்டு வரும் உடற்தகுதிப் பரிசோதனைக் கையேட்டில் உள்ளது. 1997ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், வீரர் தாமே நிரப்பும் பக்கத்தில், மன அழுத்தத்தை உணர்கிறாயா என்று ஒற்றை வரியில் ஒரு கேள்வி வருகிறது. அதற்கு மேலே உடல் எடையைக் கூட்டவோ குறைக்கவோ விருப்பமா என்ற கேள்வி; கீழே தடுப்பூசி போட்ட தேதிகள். ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள். பக்கத்தின் அடியில் வீரரின் கையெழுத்தோடு பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.

அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வி இடம் மாறுகிறது. இப்பதிப்பைச் சிலர் 2004 என்றும் சிலர் 2005 என்றும் குறிக்கிறார்கள். படிவத்தின் பதிப்புரிமை வரி 2004, நூலின் ஆண்டு 2005. எதை எடுத்தாலும் என் வாதம் மாறாது. வீரரின் பக்கத்திலிருந்து நீக்கப்பட்ட கேள்வி, மருத்துவரின் பக்கத்தில், நுட்பமான விஷயங்கள் குறித்த துணைக்கேள்விகளுள் ஒன்றாகப் போய்ச் சேருகிறது. கூடவே ஒரு புதிய கேள்வி: வழக்கமான செயல்களைச் சில நாட்களுக்கு மேல் விட்டுவிடும் அளவுக்குச் சோகமோ நம்பிக்கையின்மையோ உண்டா?

இந்த நிபந்தனைதான் என்னை நிறுத்தியது. உதவித்தொகையில் படிக்கும் வீரருக்கு வழக்கமான செயல் என்பது விடிகாலைப் பயிற்சி. வராவிட்டால் அணியில் இடம் போகும். மனம் உடைந்தாலும் அவர் மைதானத்துக்கு வருவார். வருகைப் பதிவில் குறையே இராது. செயலை நிறுத்தியவரைத் தேடும் கேள்வி, நிறுத்தவே முடியாதவரைத் தவறவிட்டுவிடும். 2010 பதிப்பில் இந்த நிபந்தனை நீங்கி, பதற்றமும் சேர்ந்தது. ஆனால் முழுக் கேள்வியுமே மருத்துவருக்கான நினைவூட்டலாகச் சுருங்கியது. கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை ஒரே பகலில் பார்த்து முடிக்க வேண்டிய மருத்துவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்?

2019இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேள்வி வீரரின் பக்கத்துக்கே திரும்புகிறது. இம்முறை பிஹெச்க்யூ-4 என்னும் நான்கு கேள்விகளாக. பதற்றத்துக்கு இரண்டு, மனச்சோர்வுக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எந்த இணையிலாவது கூட்டு மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். தரமான கருவி இல்லாததால்தான் தாமதம் என்று சொல்ல முடியாது. மனச்சோர்வுக்கான இருகேள்விக் கருவி 2003இலேயே வெளியாகிவிட்டது. நான்கு கேள்விக் கருவி 2009இல் வந்தது.

இக்கையேடு பெரிதும் பள்ளி மாணவருக்கானது, கல்லூரிகள் தத்தம் படிவங்களையே பயன்படுத்துகின்றன என்பது என் வாதத்தின் மெலிந்த இடம். ஆயினும் இங்கும் நான் பின்வாங்கவில்லை. கையேட்டை எழுதிய சங்கங்களில் கல்லூரி அணி மருத்துவர்களும் அங்கம் வகிக்கிறார்கள். கல்லூரிக்கு வரும் வீரரும் பள்ளியில் இத்தகைய படிவங்களை நிரப்பிப் பழகியவர். எந்தக் கட்டத்தில் குறியிட்டால் களமிறங்கத் தடை வரக்கூடும் என்பதை அங்கேயே கற்றுவிடுகிறார். நேரடி மரபுத் தொடர்ச்சி இருந்ததென்று நான் நிறுவிவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் மாற்றத்தில் 2016 நெறிமுறைக்குப் பங்கிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2016க்கு முன்பு வெற்றிடமே இருந்தது என்ற வாசிப்பு நிற்காது. கேள்வி முன்பே இருந்தது. வீரரிடமிருந்து மருத்துவருக்குப் போய், அங்கே மங்கி, மதிப்பெண்ணோடு வீரரிடம் மீண்டது.

மதிப்பெண் வந்தபின் ஒரு சிக்கல் கூடியிருக்கிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கருவியான பிஹெச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. நான்கு கேள்விச் சுருக்கத்தில் அது இல்லை. இந்த விடுபாடு சிறிதல்ல. 2002 முதல் 2022 வரை இறந்த 1,102 என்சிஏஏ வீரர்களில் 128 பேர் தற்கொலையால் மாண்டவர்கள் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுமட்டுமல்ல, படிவத்தில் மதிப்பெண்ணைப் படிப்பவரும், களமிறங்கலாம் என்று கையெழுத்திடுபவரும் ஒரே மருத்துவர். 1997இல் பெற்றோர் பார்ப்பார்களே என்று ‘இல்லை’ என எழுதிய கை, இப்போது மருத்துவர் பார்ப்பாரே என்று பூஜ்ஜியம் இடாதா? இவ்விரு பொறுப்புகளையும் எந்தக் கல்லூரிகள் எப்போது பிரித்தன என்பதைப் படிவம் படிவமாக வைத்துத்தான் தேட வேண்டும்.