அரியலூர்க் கற்களைப் படித்தவர்கள்

குண்டனி நாட்டில் எந்தப் பாறையை உடைத்தாலும் உள்ளே ஒரு சிப்பியோ எலும்போ கிடைக்காது. கொல்லிமலை முழுவதற்கும் இது பொருந்தும். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிய பாறை அது. ஓடும் எலும்பும் உடைய உயிர்கள் அப்போது தோன்றியிருக்கவே இல்லை. ஆகவே புதைபடிவம் தேடப் புறப்படுபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது சுத்தியல் அன்று, நிலவியல் வரைபடம். சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காய்ப் படிந்து உருவான படிவுப் பாறை எங்கே இருக்கிறது என்று அதில்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு அது வெகு தொலைவில் இல்லை. மலையிறங்கித் துறையூர், பெரம்பலூர் வழியாகக் கிழக்கே சென்றால் பாறையின் இனமே மாறிவிடுகிறது. காரை என்னும் ஊருக்கருகில் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளில் துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகளும், சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. இரண்டும் கணவாய் மீனின் பழைய உறவினர். கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமமும் ஓர் அம்மோனைட்டே. கோண்டுவானாப் பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்தபின் அதன் கிழக்கு விளிம்பு தாழ்ந்தது; கடல் உள்ளே புகுந்தது. கிரெட்டேசியஸ் காலத்தில் அக்கடல் பல முறை ஏறியும் வடிந்தும் விட்டுச் சென்ற படிவுகளே இவை.

இவற்றை அறிவியல் உலகம் அறிந்தது 1840களில். சென்னை மாகாணத்திலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கற்களைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். ஆனால் பெட்டியில் வந்த கல், தான் எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. அவர் 1850களின் பிற்பகுதியில் இப்பகுதியை ஆராய்ந்து, எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்று வரைந்தார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவர் வகுத்த மூன்று தொகுதிகள் 1862-இல் அச்சாயின. பின்வந்தோர் அவற்றை மேலும் நுட்பமாகப் பிரித்தனரேயன்றி அந்த வரிசையைத் தள்ளிவிடவில்லை. அவருக்குப் பின் ஃபெர்டினாண்டு ஸ்டாலிச்கா இந்தச் சிப்பிகளையும் நத்தைகளையும் 1873 வரை இனம் இனமாக விவரித்து நூல்களாக்கினார். மறு ஆண்டே லடாக்கில், மலைப் பயணத்தின்போது, 36 வயதில் இறந்துபோனார். அவருடைய உழைப்பு வியக்கத்தக்கது. எனினும் என் கருத்தில் பிளான்ஃபோர்டின் வரைபடமே பெரிது. ஏனெனில் புதைபடிவத்தில் பாதி கல். மறுபாதி அது கிடந்த இடம்.

வயதை அறிவதற்கும் இந்த இடக்குறிப்பே துணை. சுண்ணாம்புக்கல்லில் பொட்டாசியம்-ஆர்கான் முறையைக் கையாள்வது அரிது. எரிமலைச் சாம்பலில் அது இயலும். வேறு நாடுகளில் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே இதே இன அம்மோனைட்டு கிடைத்தால், அங்கே அளந்த வயது இங்கும் பொருந்துகிறது. இயற்பியல் ஆசிரியனான எனக்கு, கதிரியக்கக் கடிகாரத்தை ஒரு நத்தைச் சுருள் கடல் கடந்து கொண்டுவருவதுபோல் இது தோன்றும்.

எலும்பின் கதை வேறு. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் டைனோசார் எலும்புகள் கிடைப்பதை 1929-இல் மேட்லி எழுதினார். 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் அங்கிருந்து ஒரு பெரிய விலங்கை விவரித்து, மேட்லியின் நினைவாக 'புருகத்காயோசாரஸ் மேட்லியி' எனப் பெயரிட்டனர். 'பேருடல் பல்லி' என்பது பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். அவர்கள் அதை ஊனுண்ணி என்றனர். பின்வந்தோர், நீள்கழுத்துடைய தாவர உண்ணி என்றனர். கல்லான மரமாக இருக்குமோ என்று ஐயுற்றவரும் உண்டு. எலும்பை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் வழக்குத்தான். ஆனால் எலும்பு இல்லை. நொறுங்கிப் போயிற்று.

இத்தகைய எலும்பை மண்ணிலிருந்து அப்படியே பிடுங்குவதில்லை. சுற்றிலும் தோண்டி, ஈரக் காகிதம் போர்த்தி, பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத்துணியால் கட்டி, முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவதுபோல் இறுக்கிய பிறகே பெயர்ப்பார்கள். அத்தனை செய்தும் ஈரம் ஊறிய எலும்பு பிழைக்கும் என்று உறுதி கூற முடியாது. கல்லமேட்டு எலும்புக்கு இன்று சான்றாக இருப்பவை விவரிப்பும், வரைபடங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்களுமே. அவற்றை வைத்து, அது தாவர உண்ணிதான் என்று வாதிடுகிறார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் அது ஒன்றாயிருக்கலாம், உறுதிசெய்ய வழியில்லை.

இதற்கு நேர்மாறானது 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்தது. ஏரியில் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, டைனோசார் முட்டைகள் என்று செய்தி பரவியது. அம்மோனைட்டைச் சுற்றிச் சேறு திரண்டு இறுகிய உருண்டைகள் அவை என்று நிலவியலார் விளக்கினர். முட்டையானால் நுண்துளைகள் கொண்ட மெல்லிய ஓடு இருக்க வேண்டும். கல் கையிலிருந்ததால் வழக்கு விரைவில் முடிந்தது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டு ஆகிறது. கல்லங்குறிச்சிப் பகுதியில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பி அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. அதுவும் சூளைக்குத்தான் போகிறது. சுரங்கத்தைக் குறைகூறி என்ன பயன்? சுரங்கம் வெட்டியிராவிட்டால் அந்த அடுக்குகள் பல கண்ணில் பட்டே இருக்கமாட்டா. ஆனால் புதிதாக வெட்டிய சுவர் அடுத்த வெடிவரைதான் நிற்கும். குறிப்பேடும் அளவுநாடாவும் கொண்டு யாரேனும் அங்கு செல்ல வேண்டுமானால், அந்த இடைவெளிக்குள் செல்ல வேண்டும்.