சஹாரா தரும் பாடம்

நலிவுற்ற காப்புறுதி நிறுவனமொன்றை இழுத்து மூடுவது அரசுக்கு எளிது. பல்லாண்டுகள் தவணைப்பணம் செலுத்தியவரின் கதி என்ன என்பதே சிக்கல். இந்தியாவின் சஹாரா ஆயுள் காப்புறுதி நிறுவனத்துக்கு 2017 ஜூனில் அந்நாட்டுக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிர்வாகி ஒருவரை நியமித்து, புதிய காப்புறுதிகளை வழங்கவும் தடைவிதித்தது. ஜூலையில், அதன் வர்த்தகத்தை ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷல் பொறுப்பேற்க வேண்டுமெனப் பணித்தது. அவ்வுத்தரவை மேன்முறையீட்டு நியாயசபை 2018 ஜனவரியில் இரத்துச் செய்தது. நிறுவனத்துக்கும் நியாயம் கேட்கும் உரிமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வர்த்தகத்தை மாற்றுவதற்கான அடுத்த உத்தரவு வர ஐந்து வருடங்களுக்கு மேலாயின. நிதிநிலையோ மேலும் சீர்குலைந்தது. 2023 ஜூன் 2 ஆம் திகதி, சுமார் 2 இலட்சம் காப்புறுதிகளை எஸ்.பி.ஐ. லைஃப் ஏற்குமாறு அதிகாரசபை உத்தரவிட்டது. அம்மாதமே அதற்கும் இடைக்காலத் தடை வந்தது!