புங்கமரம் நிமிர்ந்த பிறகு

ராஜபாளையம், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் பலருக்கும் இந்தக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் தெரிந்திருக்கும். வடக்கே ஒரு சுல்தான் நம்ம வீட்டுப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனசில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் குதிரைப்படை, முன்னால் ஆற்றில் வெள்ளம். அப்போது கரையில் நின்ற புங்கமரம் வளைந்து பாலமாகக் கிடந்தது. எல்லாரும் அக்கரை போனதும் நிமிர்ந்துகொண்டது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில், தொட்டிய நாயக்கர்கள் பற்றிய பகுதியில் இந்தக் கதை இருக்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) இதே இடப்பெயர்வின் நினைவிலிருந்து எழுந்த நாவல்.

மரம் நிமிர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது. அக்கரைக்குப் போனவர்கள் அன்றைக்கு எங்கே படுத்தார்கள், மறுநாள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

குடியேறப் போனவர்களின் பயணம் என்றால் நமக்கு அமெரிக்க மேற்குதான் ஞாபகம் வரும். 1840களிலிருந்து மிசூரி பக்கத்திலிருந்து ஓரிகான் வரை சுமார் 2,000 மைல். புல் முளைக்கிற வசந்தத்தில் கிளம்பி, மலையில் பனி விழுவதற்குள் கடந்தாக வேண்டும். நாலைந்து மாதப் பயணம். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் காளைகள். அவற்றின் பாரத்தைக் குறைக்க ஆட்கள் பக்கத்திலேயே நடந்தார்கள். சினிமாவில் அம்பு பாய்ந்து செத்தவர்களைவிட, நிஜத்தில் காலராவில் செத்தவர்கள் ரொம்ப அதிகம். இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், நாட்குறிப்பு எழுதினார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. பயணமும் அப்படி ஒரே மூச்சில் நடந்தது அல்ல. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி, விஜயநகரப் படைகளின் பின்னாலும், 1529ஐ ஒட்டி மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி ஏற்பட்ட பிறகும், கூட்டம் கூட்டமாக மக்கள் தெற்கே வந்தார்கள். ஓர் இடத்தில் சில தலைமுறை இருப்பது, மழை பொய்த்தாலோ சண்டை வந்தாலோ மறுபடி கிளம்புவது என்று நகர்ந்திருக்கிறார்கள். கூண்டு வண்டிகள் வரிசையாகப் போவதாக நாம் கற்பனை செய்கிறோம். வண்டி ஓடத் தோதான சாலைகள் இங்கே பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் பாரம் பெரும்பாலும் பொதிமாட்டின் முதுகிலும் மனுசத் தலையிலும்தான் போனது.

வந்தவர்களுக்கு எந்த நிலம் கிடைத்தது? இங்கேதான் பிளவக்கல் முக்கியமாகிறது. வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரம். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு ஓடைகள் இறங்கி வருகின்றன. (இது முல்லைப் பெரியாறு இல்லை, வேறு.) அந்த மாதிரி மலைத் தண்ணீர் பாய்ந்த அடிவாரத்தில் கண்மாயும் வயலும் கோயிலுமாக ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் காலத்து ஊர். சேத்தூர், சிவகிரி என்று மேற்கே மறவர் பாளையங்கள் எழுந்தன. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற நாயக்கர் பாளையங்கள் கிழக்கே கரிசல் பக்கம் அமைந்தன. நெல்லைச் சீமையின் வேளாண் வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன் இந்தப் பிரிவை விரிவாகக் காட்டுகிறார். பாசன நிலம் முன்பே இருந்தவர்கள் கையில். பின்னால் வந்தவர்களுக்கு மிஞ்சியது கரிசல். படையோடு வந்ததாகச் சொல்லப்படும் ராஜுக்கள் மலைக்குப் பக்கத்திலேயே தங்கள் பாளையத்தை அமைத்துக்கொண்டது இதற்கு ஒரு விதிவிலக்கு.

கரிசல் லேசான மண் இல்லை. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. உடைமுள் காட்டை வெட்டி, எரித்து, வேரைத் தோண்டி எடுக்க வேண்டும். உழுவதற்கு நல்ல திடமான காளை வேண்டும். கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர்த் தண்ணீர். குடிக்க ஊருணியைத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண் அது. ஆந்திரத்துக் கரிசலில் பழகி வந்தவர்களுக்கு அந்தக் குணம் தெரிந்திருந்தது. கம்பும் பருத்தியும் விளைந்தன. பின்னால் இந்த வட்டாரத்தில் எழுந்த பஞ்சாலைகளுக்கு அடியில் அந்தப் பருத்தி இருக்கிறது.

ஆக, பயணத்தைவிடக் கஷ்டம் வந்து சேர்ந்த பிறகுதான். அந்தக் கஷ்டத்தைச் சொல்ல நமக்கு ஒரு கதை இல்லாமல் போனதால், இன்றைக்கு இரண்டு சுலபமான வாக்கியங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, “நாங்கதான் காட்டை அழிச்சு ஊரை உண்டாக்கினோம்.” இன்னொன்று, இணையத்தில் தினமும் பார்க்கிற “வந்தேறி.”

முதல் வாக்கியம் நிலம் காலியாகக் கிடந்தது என்று நம்புகிறது. அமெரிக்காவில் 1862இல் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் கொடுத்த சட்டமும் அப்படித்தான் நம்பியது. அங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள். இங்கே காட்டிலும் மேட்டிலும் மேய்த்தவர்கள், வேட்டையாடியவர்கள் இருந்தார்கள். உழுதவர்களோடு கூலிக்கு உழைத்தும் நிலம் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். மலையில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களுக்கு எந்தப் பாளையத்திலும் பங்கில்லை. அவர்களின் மலை 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமானது.

இரண்டாவது வாக்கியம், வருவது என்பது ஒருநாளில் முடிகிற காரியம் என்று நம்புகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ ஆண்டாளின் கதை. அதன் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த மொழி இந்த ஊரை இலக்கியத்தில் ஏற்றிக்கொண்டு ஐந்நூறு வருசமாகிறது. ஐந்நூறு வருசம் உழுத பிறகும் ஒருவர் வந்தவர்தான் என்றால், இருந்தவர் ஆக எத்தனை வருசம் வேண்டும் என்று சொல்கிறவர்தான் விளக்க வேண்டும்.

பிளவக்கல்லில் இப்போது இரண்டு ஓடைக்கும் அணை இருக்கிறது. தண்ணீர் திறந்தால் கீழே கண்மாய் கண்மாயாகப் போகிறது. எந்தக் கண்மாய்க்கு முதலில், கடைமடைக்கு எவ்வளவு என்று வருசா வருசம் பேச்சு நடக்கும், சில சமயம் சண்டையும் வரும். அந்தப் பேச்சில் யார் எப்போது வந்தார்கள் என்று கேட்டு மடை திறப்பதில்லை. யாருடைய வயல் காய்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.